பாம்புக்காதுக்காரி

அந்த ரூமுக்கு ரெண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ள போய், அதை நல்லா இழுத்துச் சாத்தின பிறகுதான் ரெண்டாவது கதவைத் திறக்கணும். ஜன்னல்னு பேருக்குக் கூட ஒண்ணு கிடையாது. நாலு சுவரும் கூரையும் பஞ்சு வச்சுத் தச்சிருக்கும். உள்ள உக்காந்துட்டா வெளியில இடி விழுந்தாலும் தெரியாது. வாசல்ல ஒரு சிவப்பு பல்பு. அது எரிஞ்சா முதலாளியே வந்தாலும் கதவுல கை வைக்கக் கூடாது. ஒரு பொம்பளைய எட்டு வருஷம் அடைச்சு வைக்க இதைவிட வசதியான இடம் ஜெயில்ல கூடக் கிடைக்காது. அங்கயாவது கம்பி போட்ட ஜன்னல் ஒண்ணு இருக்கும்.

அது டேப் ரெக்கார்டர் செய்யற கம்பெனி. பாக்கெட்ல போடற சின்ன கேசட் இல்ல; ரெண்டு பெரிய சக்கரம் சுத்த, ரீல் மாட்டிப் பதியற மெஷின். கீழ் ஹால்ல நூத்தம்பது பேர் மோட்டார் பூட்டி, ஒயர் பத்தவச்சு, மூடி போட்டு மேல அனுப்புவாங்க. அத்தனையும் கடைசியா வந்து சேர்ற இடம் இந்த ரூம். அங்க உக்காந்திருக்கற இவ ஹெட்போனை மாட்டிக்கிட்டு அளவு ரீலைப் போடுவா. அதுல ஒரே ஒரு ஊதல் சத்தம்தான், ஏறாம இறங்காம வரும். மெஷின் மெதுவா ஓடினா அந்தச் சத்தம் இறங்கும், வேகமா ஓடினா ஏறும், சக்கரம் கோணலா இருந்தா அலையும். மெஷினுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ள ஒரு திருகு. வலப்பக்கம் திருப்பினா வேகம் கூடும், இடப்பக்கம் திருப்பினா குறையும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால சரி பண்ணிட்டு, மைக்கைப் பிடிச்சு ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணிப் பதிவா, கேப்பா, அழிப்பா. அப்புறம் மூடிக்கு உள்பக்கம் பதினேழுன்னு முத்திரை குத்துவா. பதினேழு அவ நம்பர். அந்தக் கம்பெனி மெஷின் ஒவ்வொண்ணும் முதல்ல கேட்ட குரல் அவளோடதுதான். வாங்கினவங்க ஒருத்தருக்கும் அது தெரியாது.

வேகம் அளக்க மீட்டரும் இருந்துச்சு, இல்லாம இல்ல. ஆனா மீட்டர் வச்சா ஒரு மெஷினுக்குக் கால் மணி நேரம். இவளுக்கு அரை நிமிஷம். அதனாலதான் கீழ் ஹால்ல இவளுக்குப் பாம்புக்காதுன்னு பேரு. மெஷினை ஏத்திக்கிட்டு வர டிராலிக்காரர் வயசுல மூத்தவர், வாயும் கொஞ்சம் நீளம். "உன் புருஷன் பாவம்மா, மனசுக்குள்ள திட்டினாக் கூட உனக்குக் கேட்டுடும்"னு கிண்டல் பண்ணுவாரு. "அவர் இருக்கற தூரத்துக்கு என் காதே எட்டாதுண்ணே"ம்பா இவ. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. சொல்லி முடிச்சதும் அந்தச் சிரிப்பு எங்க போகும்னு தெரியாது.

புருஷன் இருந்தது ஒரு பகல் முழுக்க ரயில்ல போற தூரத்து ஊர்ல. தண்ணி பம்பு ஹவுஸ்ல வேலை, குடியிருக்க வீடும் அங்கயே குடுத்திருந்தாங்க. அதை விட்டுட்டு வர முடியாது. ஒரு சம்பளத்துல குடும்பம் ஓடாதுங்கறதால இவளும் வேலையை விட முடியாது. இவ இருந்தது பொம்பளைங்க ஹாஸ்டல், குழந்தைக்கு அனுமதி இல்ல. அதனால பிரசவ லீவு முடிஞ்சதும் ஒரு வயசுக் குழந்தையை நாத்தனார் இடுப்புல ஏத்தி விட்டுட்டு வேலைக்குத் திரும்பி வந்தவ. இப்ப அதுக்கு அஞ்சு வயசு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்கறா, அவ்வளவுதான்.

அந்த ஊர்ல இதே கம்பெனிக்கு ஒரு கடை உண்டு. அங்க கவுன்ட்டர்ல ஆள் வேணும்னு ரெண்டு வருஷமா நோட்டீஸ் போர்டுல இருக்கு. மாத்தல் கேட்டு இவ நாலு தடவை எழுதிக் குடுத்தா. நாலு தடவையும் சீஃப் இன்ஜினியர், "உன் காது மாதிரி இன்னொரு காதைக் கொண்டு வந்து நிறுத்து, மறுநாளே கிளம்பு"ன்னுட்டாரு. இவளும் ஹால்ல இருந்து ஒவ்வொருத்தியா கூட்டிக்கிட்டு வந்து உக்கார வச்சுப் பாத்தா. முப்பது பேருக்கு மேல இருக்கும். ஒருத்திக்கும் பிடிபடல. ஒருத்தி ஹெட்போனைப் போட்டுக்கிட்டு அப்படியே தூங்கிட்டா.

சீஃப் கெட்டவர் இல்ல. கெட்டவரா இருந்திருந்தா திட்டிட்டாவது மனசை ஆத்திக்கலாம். அவருக்கு ஒரே பைத்தியம்தான். ரூம் ஓரத்துல ஒரு அலமாரி நிறைய வெளிநாட்டு மெஷின் வச்சிருந்தாரு. ஜெர்மன்காரனோடது, ஜப்பான்காரனோடது, சுவிஸ்காரனோடது, டச்சுக்காரனோடது, அமெரிக்காக்காரனோடதுன்னு ஏழு. பெத்த பிள்ளை மாதிரி அதையெல்லாம் அவரே துடைப்பாரு. "இதைக் கேளு, அப்புறம் நம்மளதைக் கேளு. என்ன வித்தியாசம் சொல்லு"ம்பாரு. இவளும், "நிறுத்தினா அவங்க சக்கரம் அலுங்காம நிக்குது சார், நம்மது குதிச்சு நிக்குது"ன்னு சொல்லித் தொலைப்பா. அவர் ஓடிப்போய் பிரேக்கை மாத்துவாரு. "அவங்ககிட்ட ஆயிரம் இன்ஜினியர் இருக்காங்கம்மா. என்கிட்ட உன் காதுதான் இருக்கு"ன்னு ஒரு நாள் கண் கலங்கிச் சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஹாஸ்டல் கட்டில்ல படுத்து யோசிச்சப்பதான், அது பாராட்டு இல்ல, பூட்டுன்னு புரிஞ்சுச்சு.

வீட்டோட பேச்சுவார்த்தை எல்லாம் ரீல்லதான். வீட்டுல பழைய மெஷின் ஒண்ணு இருந்துச்சு, எந்த நாட்டுக்காரன் செஞ்சதுன்னே தெரியாது, பேர் தகடு விழுந்து போச்சு. இவ இங்க சாப்பாட்டு நேரத்துல பேசிப் பதிஞ்சு அனுப்புவா. குழந்தை அங்க பேசி, புருஷன் பார்சல் பண்ணி கம்பெனி விலாசத்துக்கு அனுப்புவாரு.

போன தடவை லீவுல போனப்ப குழந்தை கிட்டயே வரல. நாத்தனார் முந்தானைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எட்டிப் பாத்துச்சு. "வாடா குட்டி, அம்மா வந்திருக்கேன்"னா இவ. அது தலையை ஆட்டிச்சு. "நீ அம்மா இல்ல. அம்மா பெட்டிக்குள்ள இருக்கா. அம்மா குரல் சின்னதா இருக்கும். உனக்குப் பெருசா இருக்கு."

இவ போய் மெஷினைப் போட்டுக் கேட்டா. எவ்வளவு காலமா அப்படியோ, மெஷின் வேகமா ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுல இவ குரல் கீச்சுக் கீச்சுன்னு எவளோ ஒருத்தி குரலா வந்துச்சு. இத்தனை நாள் பெத்த மகளுக்கு அம்மாவா இருந்தது அந்தக் கீச்சுக்குரல்காரிதான். ஊர்ல ஓடற மெஷினையெல்லாம் சரி பண்ணி அனுப்பறவ வீட்டு மெஷின் இந்த லட்சணம். மத்தியானம் குழந்தை தூங்கினப்ப பின்பக்கத்தைக் கழட்டி, காய் நறுக்கற கத்தி முனையால திருகைத் திருப்பி, காதாலயே சரி பண்ணினா. குழந்தை எழுந்து அந்த ரீலைக் கேட்டுட்டு, மெஷினையும் இவளையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, சாயங்காலம்தான் வந்து மடியில உக்காந்துச்சு. மறுநாள் காலையில இவளுக்கு ரயில்.

ரயில்லயே முடிவு பண்ணிட்டா. காது இருந்தாத்தானே ரூம். காது போச்சுன்னா?

செவிடா நடிக்க வேண்டியதில்ல, அது வீண் கூத்து. நுணுக்கம் தெரியலன்னா போதும். "சத்தம் கேக்குது சார், ஆனா ஏறுதா இறங்குதான்னு தெரியல"ன்னு சீஃப்கிட்ட போய் நின்னா. அவர் முகம் சாவு சேதி கேட்ட மாதிரி ஆயிடுச்சு. கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்பினாரு. டாக்டர் ஒரு பெட்டியைக் காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குன்னாரு. இவளுக்குச் சத்தமும் கேட்டுச்சு, பெட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு இரையறதும் கேட்டுச்சு, பக்கத்து ரூம்ல நர்ஸ் பேனா மூடியைத் திருகறதும் கேட்டுச்சு. பெரிய சத்தத்துக்கு மட்டும் பட்டனை அமுக்கிட்டு, மத்ததுக்கெல்லாம் கம்முனு உக்காந்திருந்தா. "ஹெட்போன் மாட்டி மாட்டி நரம்பு களைச்சுப் போச்சு. பேச்சு கேக்கும், நுணுக்கம் போச்சு"ன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. சீஃப் நம்பவும் முடியாம, நம்பாம இருக்கவும் முடியாம, "ஒரு மாசம் பாப்போம்மா. உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் செய். திரும்பி வந்தாலும் வரும்"னாரு.

அந்த ஒரு மாசம் இருக்கே, அதை அவ எதிரிக்குக் கூட நினைக்க மாட்டா. மெஷின் அலையறது அவளுக்குப் பளிச்சுன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பதினேழு குத்தணும். முதல் மெஷினுக்குக் குத்தினப்ப முத்திரை சாஞ்சு விழுந்துச்சு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நடிக்கறவங்களைக் கேள்விப்பட்டிருக்கோம்; இவ முழுப் பூசணிக்காயைத் தினம் எட்டு மணி நேரம் சோத்துல மறைச்சா. இதுல பெரிய தொல்லை அவ வலது கைதான். சத்தம் இறங்கினா போதும், அது பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் போகும். அதனால ஸ்க்ரூ டிரைவரை மேஜை டிராயருக்குள்ள போட்டுட்டு, கையைத் தொடைக்கு அடியில அமுக்கி வச்சு உக்காந்துக்குவா. சாயங்காலம் கை மரத்துப் போயிருக்கும்.

டிராலிக்காரர் ஒரு நாள் அதைப் பாத்துட்டாரு. "ஏம்மா, கையில என்ன, குஞ்சு பொரிக்க வச்சிருக்கியா?"

"குளிருதுண்ணே."

"குளிருதா. எனக்கு வேர்க்குது"ன்னுட்டு, மேல எதுவும் கேக்காம மெஷினை இறக்கி வச்சுட்டுப் போனாரு. கேட்டிருந்தா அழுதிருப்பா.

மூணாவது வாரம் மெஷினெல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. மொத்தம் இருபத்தாறு. கடைக்காரங்க காகிதம் எழுதி ஒட்டி அனுப்பியிருந்தாங்க. ஒரு ஸ்கூல் வாத்தியார், 'பசங்க பேசிப் பதிஞ்சா எல்லாரும் அழற மாதிரி கேக்குது'ன்னு எழுதியிருந்தாரு. இவ அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சா. அதே சமயம், இனிமே சீஃப் விட்டுத்தான் ஆகணும்னு ஒரு சந்தோஷமும் வந்துச்சு. அப்படி ஒரு சந்தோஷம் வந்ததுக்காக அவ தன்னையே திட்டிக்கிட்டா. ஆனாலும் அன்னிக்கே வீட்டுக்கு எழுதிப் போட்டா: இந்தத் தடவை கட்டாயம் வந்துடுவேன்.

மாசக் கடைசி நாள் சாப்பாட்டு நேரத்துல சீஃப் ரூமுக்கு வந்தாரு. ரெண்டு கதவையும் சாத்திட்டு எதிர் ஸ்டூல்ல உக்காந்தாரு. ஒரு கையில மடிச்ச காகிதம், இன்னொரு கையில பார்சல்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா. திங்கக்கிழமை அங்க சேரணும். இனிமே எல்லாத்தையும் மீட்டர் வச்சுத்தான் பாக்கணும், பாதி மெஷின்தான் வெளிய போகும். என்னமோ பண்ணிக்கறேன். உன் காதைக் கெடுத்ததே இந்த ரூம்தான், அதுல என் பங்கும் இருக்கு."

இவளுக்கு, இந்த மனுஷன் கத்தியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. காகிதத்தைப் பிரிச்சு மேஜை மேல வச்சாரு. அதுல கடையோட ஊர் பேரும் இவ நம்பரும் தெரிஞ்சுது.

"இது உன் வீட்டுலருந்து. போடு, கேப்போம். ஸ்பீக்கர்லயே போடு. எட்டு வருஷமா உன் காதைத் தெரியும், உன் பொண்ணைத் தெரியாது."

மேஜை மேல அன்னிக்குக் காலையில வந்த புது மெஷின் இருந்துச்சு, இன்னும் பாக்காதது. ரீலை மாட்டி, டேப் நுனியைக் கோத்து, ஓட விட்டா. கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் குழந்தை.

"அம்மா, நான்தான் பேசறேன். எனக்கு முன் பல்லு விழுந்துடுச்சு. இப்ப விசில் அடிக்க வருது. கேக்கறியா?"

குரல் தடிப்பா, கம்மி வந்துச்சு, சளி பிடிச்ச பிள்ளை மாதிரி. அய்யோ, உடம்பு சரியில்லையா பிள்ளைக்குன்னு ஒரு கணம் பதறிப் போயிட்டா. அப்புறம் விசில் வந்துச்சு. அதுவும் கம்மித்தான் வந்துச்சு. பின்னாடியே சுவர்க் கடிகாரம், நாத்தனார் இருமல், எல்லாமே அதே மாதிரி தடிச்சு வந்துச்சு. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, மெஷின்தான்னு மனசு சமாதானம் ஆச்சு. பிள்ளை சிரிச்சுது. அந்தச் சிரிப்பும் இழுத்து இழுத்து வந்துச்சு, பாவம், யாரோ அதை அமுக்கிப் பிடிச்சிருக்கற மாதிரி. அப்புறம் குரல் விடுபட்டுச்சு. லேசாச்சு. அவ மடியில உக்காந்த அதே குழந்தை, பல்லு விழுந்த இடத்துல காத்துப் போக, "இன்னொரு தடவை அடிக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. இவ தன்னை மறந்து சிரிச்சா. "அடி"ன்னு கூடச் சொன்னா.

சீஃப் கையை நீட்டி மெஷினை நிறுத்தினாரு.

அவர் இவ முகத்தைப் பாக்கல. மெஷினுக்குப் பின்பக்கம் பாத்துக்கிட்டிருந்தாரு. இவளும் பாத்தா. இவ வலது கை அங்க இருந்துச்சு. கையில ஸ்க்ரூ டிரைவர், முனை ஓட்டைக்குள்ள. மேஜை டிராயரை எப்ப இழுத்தா, எப்ப எடுத்தா, எதுவும் அவளுக்குத் தெரியாது. தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இவ கையால கெட்டா.

"எவ்வளவு இறங்கியிருந்துச்சு?"ன்னாரு சீஃப், மெதுவா.

"நூத்துக்கு ரெண்டு சார்."

எட்டு வருஷமா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகின வாய். சொல்லிட்டுத்தான் வாயை மூடினா.

சீஃப் எழுந்து போய் மீட்டரைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. கால் மணி நேரம். ஒயரை மாட்டினாரு, அளவு ரீலைப் போட்டாரு, மீட்டர் சூடேறற வரைக்கும் காத்திருந்தாரு.  பஞ்சுச் சுவருக்கு நடுவுல அவர் மூச்சு விடறது கேட்டுச்சு, கைக்கடிகாரம் ஓடறது கேட்டுச்சு, தன் நெஞ்சு அடிச்சுக்கறதும் இவளுக்குக் கேட்டுச்சு. எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு. எங்க ஓடறது, ரெண்டு கதவு.

"முள்ளு நட்ட நடுவுல நிக்குது"ன்னாரு. "மீட்டரைப் பாத்துக்கிட்டே திருப்பினாக் கூட எனக்கு இவ்வளவு சரியா வராது."

"சார், அது என் பொண்ணு குரல் சார். அதனாலதான் தெரிஞ்சுது. மத்தது எதுவும் எனக்கு..."

"இருபத்தாறு மெஷின்மா. அது ஒவ்வொண்ணுலயும் யார் பொண்ணு குரலோதான் இருந்துச்சு."

இவ ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல வச்சா.  இவ மகளுக்கு நடந்ததையே இருபத்தாறு வீட்டுக்குப் பண்ணி அனுப்பியிருக்கா. தெரிஞ்சேதான் அனுப்பினா. ஆனா வேற வாசல் ஒண்ணு இருந்திருந்தா அனுப்பியிருப்பாளா? அதைக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"நாலு தடவை எழுதிக் குடுத்தேனே சார்"னு மட்டும் சொன்னா.

சீஃப் மேஜை மேல இருந்த அந்தக் காகிதத்தை எடுத்தாரு. கிழிக்கல. நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.

"வேலையை விட்டுத் தூக்கணும். தூக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். நீ இங்கயே இரும்மா. எனக்கும் வேற வழி இல்ல." உள்கதவுகிட்ட நின்னு, திரும்பாமலே சொன்னாரு: "ரீல் பாக்கி இருக்கு. கேட்டுட்டு அப்புறமா வேலையைப் பாரு."

கதவு ஒண்ணு சாத்திச்சு. அப்புறம் இன்னொண்ணு.

இவ மறுபடியும் மகளோட ரீலை மாட்டி, விட்ட இடத்துலருந்து ஓட்டினா. குழந்தை இன்னொரு தடவை விசில் அடிச்சுது. இப்ப அச்சு அசல் அதோட குரல், அதோட மூச்சு.

"அம்மா, நீ வந்துடுவேன்னு அப்பா சொன்னாரு. இனிமே இங்கயே இருப்பியாம். அதனால இதுதான் கடைசி ரீல். இனிமே நான் பேசி அனுப்ப மாட்டேன், சரியா? மத்ததெல்லாம் நேர்ல சொல்றேன்."

டேப் தீர்ந்து போய், நுனி விடுபட்டு, சுத்தற சக்கரத்தோட சேர்ந்து பட் பட்டுன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இவ நிறுத்தல. டிராலிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாரு. "என்னம்மா, கிளம்பறதாமே? இனிப்பு எங்க?"ன்னு ஆரம்பிச்சவர், இவ முகத்தைப் பாத்ததும் நிறுத்திக்கிட்டாரு.

"மெஷினை இறக்குங்கண்ணே"ன்னா இவ.

டிராலியில இருந்த எட்டு மெஷினையும் இறக்கி வச்சுட்டு அவர் போனதும், வெறும் ரீல் ஒண்ணை எடுத்து மாட்டினா. குழந்தைகிட்ட இன்னிக்கே சொல்லிடணும். நாளைக்குன்னு விட்டா, ரீல் போய்ச் சேரறதுக்குள்ள அது வாசல்ல வந்து நின்னு பாத்துக்கிட்டிருக்கும். சிவப்பு பல்பைப் போட்டா. பதியற பட்டனை அமுக்கினா. மைக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டா. குட்டி, அம்மா வரலடான்னு சொல்லணும், அவ்வளவுதான், மூணு வார்த்தை.

"ஒண்ணு"ன்னா. "ரெண்டு. மூணு."

நிறுத்த முடியல. பத்து வரைக்கும் எண்ணினா. ஓட்டிக் கேட்டா. குரல் ஏறாம இறங்காம சரியா இருந்துச்சு. அழிச்சுட்டு, மூடியைத் திறந்து பதினேழு குத்தினா.